இரண்டு மணிக்கு மேல் ஆவிலா

"ஊரைச் சுத்தி மதில் இருக்குன்னா, ரயில் எப்படி உள்ள போகும்?"

எலியாஸ் இதைக் கேட்டபோது அவனுக்கு ஏழு வயது. மாட்ரிட்டின் வயேகாஸ் பகுதியில், மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டை ஒட்டியிருந்த லாட்டரிச் சீட்டுப் பெட்டிக்கடைக்குள், கவிழ்த்துப் போட்ட ஆரஞ்சுப் பழப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் கசிமீரோ பிறவியிலேயே கண் தெரியாதவர். மாட்ரிட்டை விட்டு வெளியே அதிகம் போனதில்லை. ஆனால் வானொலியில் கேட்டுக் கேட்டு ஸ்பெயினில் இருக்கும் ஊர்களையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். அன்று ஆவிலாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டரை கிலோமீட்டர் கல்மதில், எண்பத்தெட்டுக் கொத்தளங்கள், ஒன்பது வாசல்கள். அப்போதுதான் பையன் இடையில் புகுந்து இப்படிக் கேட்டுவிட்டான்.

கசிமீரோ சீட்டுக் கட்டைக் கீழே வைத்தார்.

"இது நல்ல கேள்விடா. எனக்கே தெரியலையே. ஒரு நாள் நேர்ல போய் விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்."

அவர் போகவில்லை. பையனும் மறந்துவிட்டான். அந்தக் கேள்வியை மறக்காமல் வைத்திருந்தது அன்று வேலை முடிந்து மூச்சிரைக்க வந்து நின்ற அவன் அம்மா லெயோகாதியாதான்.

அவள் கணவன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்த சமயம் அது. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சாயங்காலம் ஒரு அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலை. பள்ளி விடும் நேரத்துக்கும் அவள் வீடு திரும்பும் நேரத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் பையனுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு நாள் மழையில் பெட்டிக்கடை ஓரம் ஒதுங்கி நின்றவனைக் கசிமீரோ உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மறுநாளும் வரச்சொன்னார். அப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. அவள் கேட்கவில்லை, அவர் சொல்லிக்காட்டவில்லை.

இப்போது எலியாஸுக்கு இருபத்தாறு வயது. பில்பாவ் துறைமுகத்தில் பாரந்தூக்கி எந்திரங்களைப் பழுது பார்க்கிறான். லெயோகாதியாவுக்கு அந்த இரண்டு வருடம் மட்டும் நெஞ்சில் ஒரு முள்ளைப் போல இருந்துகொண்டே இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்து கொடுத்துப் பார்த்தாள். அவர் அதைப் பக்கத்துப் பூக்கடைக்குக் கொடுத்துவிட்டார். கம்பளிச்சட்டை பின்னிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு. என்ன கணக்குல இது? பையன் வாசல்ல யார் வர்றாங்கன்னு எனக்குச் சொன்னான். நான் அவனுக்கு ஊர்க்கதை சொன்னேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு," என்றார். நல்லது செய்தவர்கள் சிலர் இப்படித்தான். நன்றியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவே மாட்டார்கள்.

இந்த வசந்தத்தில் கசிமீரோவுக்கு ஓய்வு வந்தது. மே மாதக் கடைசியில் கடையை ஒப்படைத்துவிட்டு, தூரத்தில் பாதாஹோஸில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடப் போகிறார் என்று தெரிந்ததும் லெயோகாதியா நேராகக் கடைக்குப் போனாள்.

"கசிமீரோ, போறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்னோட ஆவிலா வர்றீங்க. ரயில்ல. காலையில போய்ட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்."

அவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைப் பெட்டிக்குள் போட்டார்.

"ஒரு தடவை பஸ்ல ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, தெரியுமா? வழிகாட்டின்னு ஒரு பொண்ணு. 'இந்த அழகைச் சொல்லி முடியாது'ன்னு நாற்பது தடவை சொன்னா. சொல்லி முடியாதுன்னா எதுக்கு வாயைத் திறக்கணும்? பின்னாடி ஒரு அம்மா என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சுது. அன்னிக்கு நான் ஒரு சூட்கேஸ் மாதிரி இருந்தேன். ஏத்தினாங்க, இறக்கினாங்க, பாவம்னாங்க."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

"வாயால சொல்ல மாட்டே. மூச்சால சொல்லுவே. எனக்கு மூச்சு கேக்கும், பொண்ணே. சரி, ஒரு நிபந்தனை. அன்னிக்கு ஒரே ஒரு தடவை 'ஐயோ பாவம், இதை இவரு பார்க்க முடியலையே'ன்னு உன் மூச்சு சொல்லிச்சுன்னா, நான் அடுத்த ரயிலைப் பிடிச்சு ஊருக்கு வந்துருவேன். நீ தனியா உக்காந்து ஊரைப் பார்த்துக்க."

"சரி. இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை," என்றாள் அவள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அதுவும் கெட்டுப்போனால் இனி ஒரு நாள் கிடைக்காது.

மறுநாள் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குப் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. லெயோகாதியா மாதச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினாள். காலை ஒன்பது மணி ரயில். பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். மதில்மேல் ஏறிப் பள்ளத்தாக்கைப் பார்ப்பது. இரண்டரை மணிக்குப் பெரிய சதுக்கத்து உணவகத்தில் ஊர் பேர்போன மாட்டு விலா வறுவல், ஐந்து மணி வரை. பிறகு சாயங்கால வெயிலில் மதில் பொன்னாக மாறுவது.

கூட வேலை செய்யும் பௌலினா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நாலு தூண் மேடை ஒண்ணு இருக்குடி. அங்க கூட்டிட்டுப் போ. மொத்த மதிலும் ஒரே பார்வையில தெரியும்!"

லெயோகாதியா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

"ஐயோ," என்றாள் பௌலினா. "என் வாயில இந்தப் பருப்பையே கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்."

ஆனால் லெயோகாதியாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தாளைத் திரும்பப் படித்தாள். கண்ணாடிச் சன்னல், பள்ளத்தாக்கு, பொன்வெயில். பௌலினா வாய்தவறிச் சொன்னதைத்தான் இவள் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளில் கசிமீரோவுக்கென்று இருந்தது மாட்டு விலா மட்டும்தான்.

தாளைக் கசக்கி எறிந்தாள். "நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும். தனியா. பதினஞ்சாம் தேதி லீவுதானே?"

"சான் இசித்ரோ பண்டிகைடி! ஊரே புல்வெளியில போய் உக்காந்து தின்னுட்டு ஆடிட்டு இருக்கும். அன்னிக்கு மாட்ரிட்டை விட்டு ஓடறவ உலகத்துல நீ ஒருத்திதான்."

"எனக்குப் பண்டிகை இனிப்பு நாலு எடுத்து வை. சர்க்கரைப் பாகு பூசினது."

"நாலு எடுத்து வைக்கிறேன். நீ வர்றதுக்குள்ள ரெண்டுதான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

சான் இசித்ரோ மாட்ரிட்டுக்கு மட்டும்தான் பண்டிகை. ஆவிலாவுக்கு அது இன்னொரு வியாழக்கிழமை. சமார்தீன் நிலையத்தில் ரயில் ஏறினாள். எஸ்கோரியல் தாண்டியதும் பைன் காடு, பிறகு பாறைக்காடு, பிறகு மேய்ச்சல் நிலம். ஆவிலாவில் இறங்கியதும் எலியாஸின் கேள்விக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. ரயில் மதிலுக்குள் போவதே இல்லை. கூப்பிடாமல் வீட்டுக்குள் நுழையாத விருந்தாளி போல, ஊருக்கு வெளியே கண்ணியமான தூரத்தில் நின்றுவிடுகிறது. இறங்கிக் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டும்.

காலை முழுவதும் கையில் பேனாவோடு அலைந்தாள். எழுத ஒன்றும் அகப்படவில்லை. எதைப் பார்த்தாலும் அது பார்ப்பதற்கே உரியதாக இருந்தது. அப்படியே மணி இரண்டடித்தது.

அதை அவள் யோசிக்காமல் விட்டது விந்தைதான். ஸ்பெயினில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், இரண்டு மணிக்குக் கடை சாத்துவார்கள், ஐந்துக்குத்தான் திறப்பார்கள் என்று. ஆனால் இருபது வருடமாக அந்த நேரத்தில் அவள் பிள்ளைகளின் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள். நாடே சாப்பிட உட்காரும் மணி அவளுக்கு மட்டும் வேலை மணி. அவள் கண்ணெதிரே இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பேராலயத்து வாசற்காரர் சாவிக்கொத்தோடு, "நாலு மணிக்கு வாங்க, அம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சதுக்கத்து உணவகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தட்டுச் சத்தம், சிரிப்பு, தொலைக்காட்சி, 'இன்னொரு ரொட்டி' என்ற கூச்சல். தனியாக வந்தவளுக்கு மேசை இல்லை என்றார்கள். அந்த இரைச்சலில் அவளுக்கே தான் நினைத்தது காதில் விழவில்லை. கசிமீரோவை மூன்று மணி நேரம் இதற்குள் உட்காரவைக்கத்தான் திட்டம் போட்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பசியோடு வெளியே வந்தாள். கால் போன போக்கில் மதிலுக்கு வெளியே ஒரு சிறு கோவில் பக்கம் வந்து நின்றாள். தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை. ஊர் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

அந்த அமைதியில் மேலே ஏதோ மரக்கட்டைகளைத் தட்டுவது போலக் கடகடவென்று சத்தம் கேட்டது. கோவில் மணிக்கோபுரத்தில் செங்கால் நாரைகள் கூட்டில் நின்று அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. அது ஓய்ந்ததும் எங்கோ ஒரு நீர்த்தொட்டியின் ஒழுக்கு கேட்டது. அதற்கும் அப்பால் மதிலில் காற்று மோதித் திரும்பும் ஓசை. காலையிலிருந்து இவையெல்லாம் இங்கேதான் இருந்தன. ஊர்ச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவள் காதுக்கு எட்டின.

லெயோகாதியா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து பார்த்தாள். நாலு அடி, ஐந்து அடி. காலடிக் கல்லின் தன்மை மாறுவது செருப்பு வழியாகத் தெரிந்தது.

"நில்லு மகளே! அங்க குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான்!"

ஒரு கிழவியின் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. லெயோகாதியா விக்கித்து நின்றாள். கண்ணைத் திறந்திருக்க வேண்டியதுதான். ஆனால் 'சும்மா கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்' என்று ஒரு வயதானவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிய அந்த ஒரு நொடியில் காரியம் கைமீறிவிட்டது.

"இந்தா, என் முழங்கை. நான் உன்னைப் பிடிக்க மாட்டேன், நீ என்னைப் பிடிச்சுக்க. என் பேரு எர்மீனியா. என் வீட்டுக்காரருக்குக் கடைசி ஒன்பது வருஷம் கண்ணு தெரியாது. நான் கையைப் பிடிச்சா, 'நான் என்ன ஆட்டுக்குட்டியா, இழுத்துட்டுப் போற'ன்னு கத்துவாரு. எங்க போகணும் உனக்கு?"

"மதில்... மதில் வாசலுக்கு."

"வா."

கிழவி அரை அடி முன்னால் நடந்தாள். இவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு பின்னால். எர்மீனியா எதையும் வர்ணிக்கவில்லை. 'பாவம்' என்று சொல்லவில்லை. அவள் மூச்சிலும் அது இல்லை. படி வந்தால் ஒரு கணம் நின்றாள், அவ்வளவுதான்; முழங்கை சொல்லிற்று. பேச்சோ மாவு விலையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் போய்க்கொண்டிருந்தது.

"நாற்பது வயசு, மகளே, கோழியை முழுசா வேக வைக்கத் தெரியாது. ஆனா நல்ல பொண்ணு. இப்ப பாரு, இன்னும் பத்து அடியில காத்து வந்து மூஞ்சியில அறையும். அதுதான் வாசல்."

பத்தாவது அடியில் காற்று வந்து அறைந்தது. லெயோகாதியா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பகல் முழுவதும் அந்த வாசல் வழியாக நாலு தடவை போய்வந்தவள்தான். காற்று இருப்பதே தெரியாது.

"இப்படி மதிலோரமா வா. வலது கையை நீட்டு, இடுப்பு உசரத்துக்கு. இது கல்லறைக் கல்லு. ரோமாபுரிக்காரங்க அவங்க செத்தவங்களுக்கு வெச்சது. எங்க ஆளுங்க மதில் கட்டக் கல்லு பத்தலைன்னு அதையும் பேத்து உள்ள சொருகிட்டாங்க. தப்புதான், ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆனா எழுத்து இன்னும் இருக்கு பாரு. எங்க வீட்டுக்காரரு இங்க வந்து நின்னா வீட்டுக்கு வர மாட்டாரு."

விரலடியில் ஒரு கோடு வளைந்து ஓடிற்று. லெயோகாதியாவுக்கு மூடிய கண்ணுக்குள் நீர் சுரந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குள் எங்கோ மணியடித்தது.

"ஆத்தாடி, நாலா! கோவில் வாசலைப் பெருக்கி முடிச்சிருக்கணுமே நான். அந்த நாரைங்க கூடு கட்டறேன்னு பாதிக் காட்டைக் கீழே போட்டு வைக்குது. நீ இங்கயே நின்னு பாரு மகளே. திரும்பறப்ப பள்ளம் இடது பக்கம்." அவள் செருப்புச் சத்தம் ஓடிற்று.

சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்து, தெருமுனை வரை போய் லெயோகாதியா எட்டிப் பார்த்தாள். கோவில் முகப்பில் கறுப்புச் சால்வை போட்ட ஒரு கிழவி தூணுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்து அவசர அவசரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஜெபமாலைக்கு வந்த ஒரு பெண்மணி குச்சிகளைத் தாண்டிக் காலை வைத்தபடி, "மணி என்ன ஆச்சு, எர்மீனியா? நாங்க பறந்தா உள்ள போறது?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கிழவி குனிந்த தலை நிமிராமல் பெருக்கினாள். ஓடிப்போய்த் துடைப்பத்தை வாங்கிக்கொள்ள லெயோகாதியாவுக்குக் கை பரபரத்தது. போனால், அந்தக் கிழவியின் நல்ல மனசை ஒரு கேலிக்கூத்தாக ஆக்கியதாகிவிடும். வெட்கத்தோடு ரயிலடிக்கு நடந்தாள். இல்லாத குறைக்கு வாங்கிய உதவி வழி முழுவதும் கனத்தது.

புதுத் திட்டத்தைக் கசிமீரோவிடம் சொன்னபோது அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஒரு மணிக்குச் சாப்பாடா? ஒரு மணிக்கு வெளிநாட்டுக்காரனும் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனும்தான் சாப்பிடுவான்!"

"அப்ப நாம வெளிநாட்டுக்காரங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு மணிக்கு மேலதான் நமக்கு ஊரு."

"ரெண்டு மணிக்கு மேல ஊர்ல என்ன இருக்கும்? நாய்கூட சாப்பிட்டுட்டுத் தூங்கும்."

"அதுக்குத்தான்."

அவர் தலையைச் சாய்த்து அவள் குரலைக் கவனித்தார். "நீ என்னமோ பண்ணிட்டு வந்திருக்கே," என்றார். ஆனால் அதற்குமேல் துருவவில்லை.

சனிக்கிழமை ரயிலில் அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்து, "இப்ப பாலம்... இப்ப மலையைக் குடைஞ்ச பாதை... இப்ப பைன் காடு, ஜில்லுன்னு ஆச்சு பாரு," என்று அவளுக்கே வழிகாட்டிக்கொண்டு வந்தார். ஆவிலாவில் இறங்கியதும் அவள் முழங்கையை நீட்டினாள். அவர் கையைத் தான் பிடிக்கவில்லை; நீட்ட மட்டும் செய்தாள். அவர் விரல் அதைத் தொட்டு ஒரு கணம் நின்றது. "யாருகிட்டக் கத்துக்கிட்டே?" என்றார். "வழியில," என்றாள்.

ஒரு மணிக்கு, உலகமே சாப்பிடாத நேரத்தில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முட்டை அடை வைத்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். கசிமீரோ பில்பாவுக்குப் போன் போட்டார்.

"எலியாஸ், பத்தொன்பது வருஷம் லேட்டா பதில் சொல்றேன், எழுதிக்க. ரயில் உள்ள வர்றதில்லையாம். வெளியவே நின்னுருது. மரியாதை தெரிஞ்ச ரயில்... என்ன கேள்வியா? நீ கேட்டதுடா! மறந்துட்டியா? நன்றிகெட்ட பயலே!" வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு மணி இரண்டாயிற்று. இரும்புக் கதவுகள் இறங்கின. கசிமீரோவின் முகம் மாறுவதை லெயோகாதியா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு வீட்டுக்காரர் முன்கட்டுக்கு வருவது போல, அவர் நிமிர்ந்தார்.

"அது என்ன, மேல?"

"நாரைங்க. அலகைத் தட்டுது."

"இத்தனை நாள் வானொலியில யாரும் சொல்லலையே," என்றார் மெதுவாக.

வாசலுக்குப் பத்தடி முன்னால் அவள், "இப்ப காத்து வந்து அறையும்," என்றாள். வந்து அறைந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குழந்தை போலக் கூவினார். அப்போது லெயோகாதியா திரும்பிப் பார்த்தாள். வெயில் பட்டு மதில் முழுவதும் தேன் நிறமாக இருந்தது, மேலே நீலம். அவள் மார்பில் அந்தப் பழைய மூச்சு கிளம்பிற்று. 'ஐயோ, இதை...' என்று வந்தே விட்டது. உதட்டைக் கடித்து, அதைத் தும்மலாக மாற்றினாள்.

கசிமீரோ நின்றார். அவளுக்கு உயிர் போய் வந்தது.

"நல்லா இரு," என்றார் அவர், தும்மினவளிடம் சொல்வதுபோல. கொஞ்சம் பொறுத்து, உதட்டோரம் சிரிப்போடு, "பரவாயில்லை, ஒரு தும்மலை மன்னிக்கலாம். நட."

மதிலோரம் போய்க் கல்லைக் காட்டினாள். அவருடைய விரல் அதில் பட்டதும் லெயோகாதியா தானாகவே ஒரு அடி பின்னால் வந்துவிட்டாள். அவளுக்கு அன்று ஒரு வளைந்த கோடுதான் அகப்பட்டது. இவர் கை நீர் ஓடுவது போல ஓடிற்று. தேய்ந்து போன இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி வந்தது. நாற்பது வருடம் பிரெயில் புள்ளி எழுத்துப் படித்த விரல்; அச்செழுத்தின் வடிவங்களையும் பள்ளியில் மர எழுத்துகளைத் தடவிக் கற்றிருந்தது.

"இது எம். இதுக்கு முன்னாடி ஒரு எழுத்து தேஞ்சிருக்கு. கீழே... ஏ, டி, டி... யாரோ ஆட்டானுஸ் மாதிரி வருது. வயசு போட்டிருக்கான், லெயோ. பத்து, பத்து, அஞ்சு. இருபத்தஞ்சு வயசு. சின்னப் பிள்ளை. எத்தனை பேரு இந்தப் பக்கமா நடந்து போயிருப்பாங்க இன்னிக்கு?"

"நானே நடந்து போயிருக்கேன். கல்லுன்னு நினைச்சேன்."

"பேரு இருக்கு," என்றார் அவர். அந்த ஒரு பெயருக்காக உலகம் இன்னும் நேராக நிற்கிறது என்பது போல இருந்தது அவர் குரல். லெயோகாதியா அந்த மனிதரைப் பார்த்து வியந்து நின்றாள். இரண்டாயிரம் வருடமாக யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைக் கல்லில் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். வாங்கிக்கொள்ள இந்தக் கை வரவேண்டியிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். "லெயோ, ஒரு உதவி. என்னை இங்க தனியா விட்டுட்டுப் போ. அரை மணி. எந்தப் புது ஊர்லயும் இதுவரைக்கும் யாரும் என்னைத் தனியா விட்டதில்லை. எப்பவும் பக்கத்துல ஒரு மூச்சு நிக்கும்."

"இந்தப் பக்கம் பள்ளம் ஒண்ணும் இல்லை. மதில் உங்க வலது கைப்பக்கம். எழுபது அடிக்கு அப்புறம் வாசல்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பாராமல் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் அதுவும் அவருக்குக் கேட்டுவிடும்.

தெருமுனை திரும்பியதும்தான் தன் நெஞ்சு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்தது. கெட்டுப்போகவில்லை. நாள் கெட்டுப்போகவில்லை. முழங்கையை நீட்டக் கற்றுக்கொடுத்தவளை, காற்று அறையும் இடத்தைச் சொன்னவளை, கல்லிடம் கொண்டுபோய் நிறுத்தியவளை நினைத்துக்கொண்டாள். மணி மூன்று பத்து. கால் அந்தச் சிறு கோவிலை நோக்கிப் போயிற்று.

முகப்பில் யாரும் இல்லை. இரும்புக் கிராதி சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசற்படி முழுக்கச் சுள்ளி, வைக்கோல், நாரையின் எச்சம், காய்ந்த மண்கட்டி. எர்மீனியா இந்நேரம் மருமகள் வேகவைத்த கோழிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

கிராதியைத் தள்ளித் திறந்தாள். தூணுக்குப் பின்னால் துடைப்பம் இருந்தது. லெயோகாதியா கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மேல்படியிலிருந்து தொடங்கினாள். இருபது வருடம் தரை கண்ட கை. தூசி எழும்பாமல் பெருக்கத் தெரியும். பெரிய சுள்ளிகளைத் தனியாகப் பொறுக்கிக் கட்டினாள். மண்ணை மூலையில் இருந்த வாளியில் அள்ளினாள். தண்ணீர்த் தொட்டியில் நனைத்த கைக்குட்டையால் எச்சம் ஒட்டிய இடங்களைத் தேய்த்து எடுத்தாள். சாமி வாசலில் முழங்கால் மண்டியிடும் பழைய கல் ஒன்று குழிந்திருந்தது, அதையும் துடைத்தாள். வாய் தன்னையறியாமல் ஒரு ஜெபத்தை முணுமுணுத்தது.

மேலே ஒரு நாரை பறந்து வந்து இறங்கிற்று. பெருக்கி முடித்த படியின் நட்டநடுவில் ஒரு குச்சி விழுந்தது. லெயோகாதியா அதை எடுத்து, மற்ற சுள்ளிகளோடு செருகினாள்.

துடைப்பத்தை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள். கிராதியைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே இருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குத் தலை குனிந்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, ஆளில்லாத தெரு வழியாக மதிலை நோக்கி நடந்தாள்.